பழைய வட்டு அப்படியே இருக்கட்டும்

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் தமிழக அரசு 50 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளை மாணவர்களுக்குக் கொடுத்தது. பெங்களூரு நெடுஞ்சாலையில் பாலுசெட்டிசத்திரத்துக்கு அருகே இருக்கும் திருப்புட்குழி போன்ற ஊர்களில், பல வீடுகளுக்குள் முதன்முதலில் நுழைந்த கணினி அதுவாகத்தான் இருக்கும். அவற்றில் இன்னும் உயிரோடிருப்பவை திணறுவதற்கு முதல் காரணம் உள்ளே சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க். அதைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தினால் இன்னும் சில ஆண்டுகள் ஓட்டலாம். கடையில் வழக்கமாகக் கிடைக்கும் யோசனை, “ஃபார்மேட் போட்டு விண்டோஸைப் புதுசா ஏத்திடலாம், வேணுங்கிற ஃபைலை மட்டும் காப்பி பண்ணிக்குவோம்” என்பது. அதை ஏற்க வேண்டாம் என்பேன். வட்டை முழுதாகக் குளோன் எடுக்க வேண்டும். எடுத்த பிறகும் பழையதை அழிக்கக் கூடாது.

வேண்டிய ஃபைல் எது என்பது யாருக்கும் முன்கூட்டியே தெரிவதில்லை. தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. 2010-இல் அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்ட பின்னும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடிக்கும் பழக்கம் டி.டி.பி. கடைகளிலும் அலுவலகங்களிலும் நெடுநாள் நீடித்தது. அந்த எழுத்துருக்கள் பெரும்பாலும் ஆவணத்துக்குள் இருப்பதில்லை, விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கின்றன. ஆவணங்களை மட்டும் எடுத்துப்போய்ப் புதிய வட்டில் திறந்தால் மகளிர் குழுவின் கணக்கும் சங்கத்தின் தீர்மானமும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். பாமினியில் அடித்தது என்றால் மெய்யெழுத்தின் புள்ளி விழ வேண்டிய இடத்திலெல்லாம் அரைப்புள்ளி நிற்கும். ஒரு பைட் கூடத் தொலையவில்லை, ஆனாலும் படிக்க முடியாது. பாமினி இணையத்தில் கிடைக்குமே என்றால், கிடைக்கும்தான். எப்போதோ வாங்கிய, பெயரே மறந்துபோன மென்பொருளோடு வந்த எழுத்துருவை எங்கே போய்த் தேடுவது? போதாததற்கு, அரசு மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சி டிரைவை மட்டும் நகலெடுத்தால் எதைத் தொடங்குவது என்று கேட்கும் பூட்லோடர் கூடவே வராது. பழைய முறை வட்டுகளில் தொடக்கக் கட்டளையும் பார்ட்டிஷன் அட்டவணையும் முதல் 512 பைட்டுகளுக்குள் இருக்கின்றன. அவை வராத வட்டிலிருந்து கணினி தொடங்காது.

குளோன் ஆபத்தானது, ஒரு பிழையில் எல்லாமே போய்விடும் என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. நியாயமான அச்சம்தான், ஆனால் ஆபத்து எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நகலெடுக்கும்போது பழைய வட்டிலிருந்து படிக்கத்தான் செய்கிறார்கள், அதில் எதுவும் எழுதுவதில்லை. நடுவில் கரண்ட் போனால் வீணாவது அரைகுறை நகல், திரும்ப எடுத்துக்கொள்ளலாம். திசை மாறினால்தான் மீட்சி இல்லை. வெற்று வட்டை மூலமாகவும் நிறைந்த வட்டை இலக்காகவும் தேர்ந்துவிட்டால் வெறுமை வந்து எல்லாவற்றின் மேலும் எழுதப்படும். அனுபவசாலிகளுக்கும் இத்தகைய பிழை நேர்கிறது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், துணை சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் தரவுத்தளத்தை அழிக்கத் தொடங்கினார். சுதாரித்து நிறுத்தியபோது ஏறத்தாழ 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியிருந்தது. வைத்திருந்த ஐந்து வகைக் காப்பு ஏற்பாடுகளில் எதுவும் கைகொடுக்கவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்திருந்த நகல்தான் காப்பாற்றியது. இலவசமாகக் கிடைக்கும் குளோன்ஸில்லா, எழுதத் தொடங்கும் முன் உறுதிதானா என்று திரும்பத் திரும்பக் கேட்கும். அப்போது வட்டின் கொள்ளளவை மட்டும் நம்பாமல், மேலே ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணைத் திரையில் தெரிவதோடு ஒப்பிட வேண்டும்.

குப்பையும் வைரஸும் சேர்ந்தே வரும் என்பது இன்னும் வலுவான மறுப்பு. வரும்தான். அதற்காகப் புதிய வட்டில் புதிதாகவே விண்டோஸ் ஏற்றினாலும் எனக்கு மறுப்பில்லை, பழைய வட்டு கழற்றியபடி பத்திரமாக இருக்கும் வரை. விட்டுப்போன எழுத்துருவை அதிலிருந்து எப்போதும் எடுக்கலாம். டக் டக்கென்று சத்தம் எழுப்பும் வட்டு மட்டும் விதிவிலக்கு. அதைச் சரிசெய்யும் கட்டளைகளை ஓட்டிக் களைப்படையச் செய்யாமல், டிடிரெஸ்க்யூ போல நல்ல பகுதிகளை முதலில் வாரிக்கொண்டு கெட்டவற்றை இறுதியில் முயலும் கருவியைப் பயன்படுத்த வேண்டும்.

குளோன் முடிந்ததும் முதல் தடவை புதிய வட்டிலிருந்து தொடங்கும்போது பழையது இணைப்பில் இருக்கக் கூடாது. இரண்டுக்கும் ஒரே அடையாள எண் என்பதால் விண்டோஸ் ஒன்றை ஒதுக்கிவைக்கும். பழையதிலிருந்தே தொடங்கிவிட்டு, புதியது வேலை செய்கிறது என்று நம்பிவிடவும் கூடும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 இந்தக் கணினிகளை ஏற்காது, பிறகு எதற்கு இத்தனை பாடு என்று கேட்பார்கள். லினக்ஸுக்கு மாறுகிறவருக்குத்தான் பழைய வட்டு கூடுதலாகத் தேவை; பழைய எழுத்துருவும் பழைய மென்பொருளும் வேறெங்கும் இல்லை. குழுக் கணக்கும் சங்க ஆவணமும் வருடத்தில் ஓரிரு முறைதான் திறக்கப்படுகின்றன, குறை தெரிவதும் அப்போதுதான். ஆகவே கழற்றிய வட்டின் மேல் தேதியை எழுதி ஒட்டி, அடுத்த தணிக்கை முடியும் வரையாவது ஈரம் படாத இடத்தில் வைத்திருக்க வேண்டும்.