பாகம் கொடுத்த ஊரில் பாதிக் கூலி

திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபத்தன்று மாலையில் அர்த்தநாரீசுவரர் என்னும் சாமியை வெளியே கொண்டு வருகிறார்கள். வருஷத்தில் ஒரே நாள்; அதிலும் சில நிமிஷ நேரந்தான். பார்வதி இங்கே தவங் கிடந்து, பரமசிவன் தன் உடம்பில் இடப்பாகத்தை அவளுக்குப் பங்கு கொடுத்தாராம். இதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ள லட்சக்கணக்கான ஜனங்கள் கூடி, மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடக்கிறார்கள்.

சரி, அப்படியே இருக்கட்டும். சாமி பெண்சாதிக்குப் பாதி உடம்பைக் கொடுத்ததாக நம்புகிற பக்தர், தம் நிலத்தில் பாடுபடும் பெண்ணுக்கு ஆணுக்குக் கொடுக்கும் கூலியைக் கொடுக்கிறாரா என்று கேட்கின்றோம்.

நடவும், களையெடுப்பும், மல்லாட்டை ஆய்வதும் பெண் வேலை என்று ஒதுக்கி வைத்து, அதற்கு 'லேசான வேலை' என்று பெயரும் சூட்டி, கூலியைக் குறைத்துவிடுகிறார்கள். லேசான வேலையென்றால், காலை முதல் சேற்றில் நின்று முதுகு நிமிராமல் செய்யும் அவ்வேலையை நமது ஆண் சிங்கங்கள் ஒரு நாள் செய்து பார்க்கட்டுமே! கட்டட வேலையிலோ, கையாளாக வரும் ஆணுக்குப் 'பெரியாள்' என்று பெயர். பெண்ணுக்குச் 'சித்தாள்' என்று பெயர். பெயரிலேயே கூலியைக் குறைத்தாகிவிட்டது. தலைமேல் இருக்கும் செங்கல் சுமப்பவள் பெண் என்று தெரிந்து எடை குறைகிறதா?

சட்டத்துக்கு ஒன்றும் பஞ்சமில்லை. சம வேலைக்குச் சம ஊதியம் என்று அரசியல் சட்டத்தின் 39-ஆவது பிரிவு சொல்லுகிறது. அதற்கென்றே 1976-இல் தனிச் சட்டம் வந்தது. 2005-ஆம் வருஷத்து ஊரக வேலை உறுதிச் சட்டத்தின்கீழ் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி விகிதம் வைத்தார்கள். அதனால் எந்த ஏரி உடைந்தது? எந்த ஊரில் மழை நின்றது?

நிற்க, ஸ்தல ஸ்தாபனங்களின் யோக்கியதையைப் பார்ப்போம். 2016-இல் இவற்றில் பாதி இடம் பெண்களுக்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் செய்தார்கள். அதன்படி இம்மாவட்டத்துக் கிராமங்களில் 2019 டிசம்பரில் தேர்தல் நடந்து, 2025 ஜனவரியில் பதவிக் காலமும் முடிந்தது. இங்கேயும் ஓர் அர்த்தநாரீசுவரரைக் காணலாம். நாற்காலியும் கையெழுத்தும் பெண்ணுக்கு, அதிகாரம் புருஷனுக்கு! எல்லா ஊரிலும் இப்படி என்று சொல்லவில்லை. ஆனால் 'தலைவரின் கணவர்' என்றொரு பதவி சட்டத்தில் இல்லாமலே ஊரில் இருப்பதை யார் மறுப்பார்?

இதற்குக் காரணமென்ன? கிராம ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு மாதச் சம்பளம் கிடையாது. கூட்டத்துக்கு வந்தால் அமர்வுப்படி மட்டுமே. அதை 2022-இல் ஐந்து மடங்கு உயர்த்துவதாக அறிவித்தும் அது ஒரு குடும்பத்தின் அடுப்புக்குப் போதாது. 2023-இல் நகராட்சிக் கவுன்சிலருக்கு மாதம் ரூ.5,000 என்றார்கள். ஆனால் சட்டசபை மெம்பருக்கோ 2017-லேயே ரூ.1,05,000! கூலிக்காரப் பெண் கூட்டத்துக்குப் போனால் அன்றையக் கூலி போய்விடும். ஆகவே, புருஷன் சோறு போட்டால்தான் அவள் பதவியில் உட்காரலாம். சோறு போடுகிறவன் அதிகாரத்தைக் கேளாமல் விடுவானா?

"பொதுத் தொண்டுக்குச் சம்பளமா?" என்று சில பெரிய மனிதர்கள் ஆட்சேபிக்கலாம். இங்கிலாந்திலும் சீமான்கள் இப்படித்தான் பேசினார்கள். 1911-இல் பார்லிமெண்டு மெம்பருக்கு வருஷம் 400 பவுன் கொடுத்த பிறகே, சொத்தில்லாத தொழிலாளி தைரியமாக அங்கே போக முடிந்தது. சம்பளமில்லாத பதவி பணக்காரனுக்கு எழுதி வைத்த சொத்தேயாகும்.

ஆகவே தோழர்களே! நம் வீட்டு வயலில் முதலில் ஆண் பெண் கூலியை ஒன்றாக்குங்கள். கிராம சபையில் அதையே தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். ஊராட்சி உறுப்பினருக்கு வயிறு வளர்க்கப் போதுமான மாத ஊதியம், அதுவும் அவள் பெயரிலுள்ள கணக்கில், வேண்டுமென்று ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் கேளுங்கள். பெண்ணுக்கு வேண்டியது சாமி உடம்பில் பாதியல்ல. அவள் உழைப்புக்கு முழுக் கூலி.