மடக்குக் கத்தியின் பூட்டு

மடக்குக் கத்தி வாங்குவோர் அலகின் பளபளப்பையும், கூடவுள்ள கத்தரி, தக்கைத் திருகி முதலியவற்றின் எண்ணிக்கையையும் பார்த்தே பெரும்பாலும் விலை கொடுக்கின்றனர். இது சரியன்று. வேலையின் நடுவே அலகு மடங்கின் விரலுக்கே அபாயம். ஆதலின் பூட்டே முதலில் நோக்கத்தக்கது.

பிரான்ஸ் தேசத்து ஸவாய் மலைநாட்டில் 1890-ஆம் வருஷம் ஜோஸப் ஓப்பினேல் என்பார் செய்யத் தொடங்கிய கத்தி, குடியானவரிடையே நன்கு பரவியது. ஓர் அலகு, ஒரு மரப்பிடி, அவ்வளவே. அதற்கும் 1955 வரை பூட்டில்லை. அவ்வருஷமே பிடியின் கழுத்தில் திருப்பு வளையம் சேர்ந்தது. வளையத்தைத் திருப்பின் விரித்த அலகு மடங்காது. எட்டாம் எண் கத்தியின் அலகு 8.5 சென்டிமீட்டர், சட்டைப்பைக்கும் மலைவழிக்கும் அதற்கு மேல் வேண்டுவதில்லை.

மழையில் நனையின் மரப்பிடி ஊதி அலகை இறுகப் பிடித்துக்கொள்ளும். நிழலில் உலர்த்தினால் இளகும். கரி எஃகலகு சாணைக்கல்லில் எளிதிற் கூர் ஏறும்; ஆனால் எலுமிச்சைச் சாறு பட்டால் கறுக்கும், ஈரத்தில் துருவேறும். துடைத்து எண்ணெய் பூசும் வழக்கமில்லாதவர் துருப்பிடியா எஃகையே கொள்ளுதல் நலம்.

எதை வாங்கினும் கடையிலேயே அலகை விரித்துப் பூட்டி இடவலமாக அசைத்துப் பார்க்கவேண்டும். ஆடுமாயின், மலிவென்று கருதி அதனை வாங்கலாகாது.