சேம அச்சு இல்லாத வீடுகள்

பிரிட்டனிலிருந்து மோட்டார்ஹோமில் ஐரோப்பாவைச் சுற்றிவரக் கிளம்புவோர் எல்லோரும் பயணத்துக்கு முன் ஒரு சிறு கேள்வியைக் கடந்தாக வேண்டும்: வழியில் வண்டி நின்றுபோனால் உதவிக்கு வருவதற்கான ஒப்பந்தத்தை, அதாவது ‘பிரேக்டவுன் கவர்’ என்பதை, யாரிடம் வாங்குவது? இதற்குப் பொதுவாகக் கிடைக்கும் அறிவுரை, நாலைந்து நிறுவனங்களின் விலையை ஒப்பிட்டுக் குறைந்ததைத் தேர்ந்தெடு என்பதே. இந்த அறிவுரை தவறானது. இங்கே விலைக்கு வருவது ஒரு பிரதி. முப்பது நாற்பது பக்கங்களில், வரையறைகளும் விதிவிலக்குகளும் நிறைந்த அந்தப் பிரதி, பெரும்பாலும் காரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அதற்குள் ஒரு வீட்டை ஓட்டிச் செல்பவர் எங்கே நிற்கிறார் என்பதைப் படித்துப் பார்க்காமல் விலையை ஒப்பிடுவதில் பொருளில்லை.

தமிழ்ச் சூழலில் ‘கேரவன்’ என்றதும் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர் ஓய்வெடுக்கும் வண்டி நினைவுக்கு வரும். பிரிட்டனில் கேரவன் என்பது காரின் பின்னால் இழுத்துச் செல்லப்படும் அறை. எஞ்சின், கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் ஓருடலாக அமைந்து தானே ஓடுவது மோட்டார்ஹோம். இந்த வேறுபாடு சொல்லளவில் முடிந்துவிடுவதில்லை. கார் நின்றால் கார் பணிமனைக்குப் போகும், மனிதர்கள் விடுதிக்குப் போவார்கள். மோட்டார்ஹோம் நின்றால் அன்றிரவு படுக்க வேண்டிய கட்டிலும், குளிர்பெட்டியில் உள்ள மருந்தும், சமையல் பாத்திரங்களும், உடன் வந்த நாயும் சேர்ந்தே மீட்பு வண்டியின் மேல் ஏறியாக வேண்டும். பணிமனையின் கதவு மாலையில் பூட்டப்படும்போது வீடும் பூட்டப்படுகிறது.

முதலில் பார்க்க வேண்டியது அளவு. பல ஒப்பந்தங்கள் 3.5 டன் எடை, ஏறத்தாழ 7 மீட்டர் நீளம் என்பன போன்ற வரம்புகளை வைத்துள்ளன. அகலத்துக்கும் உயரத்துக்கும் தனி வரம்புகள் உண்டு. எடை என்று குறிப்பிடப்படுவது பெரும்பாலும் வெறும் வண்டியின் எடையன்று, வண்டியில் பொறித்துள்ள அனுமதிக்கப்பட்ட உச்ச எடை. பிரிட்டனில் 1997 ஜனவரி 1க்கு முன் கார் ஓட்டுநர் தேர்வில் தேறியவர்கள் 7.5 டன் வரை ஓட்டும் உரிமை பெற்றவர்கள். பின்னர் தேறியவர்களுக்கு 3.5 டன்னே எல்லை. எனவே பெரிய வண்டிகளை வைத்திருப்போர் பெரும்பாலும் முதியவர்கள். உரிமம் அவர்களுக்கு 7.5 டன்னை அனுமதிக்கிறது. மலிவான ஒப்பந்தம் 3.5 டன்னோடு நின்றுவிடுகிறது. பின்புறம் மாட்டிய சைக்கிள் சட்டம் நீளத்தில் சேருமா என்பதைக் கூட எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. சாலையோரத்தில் நின்றபடி தொலைபேசியில் நீளத்தைப் பற்றி வாதாடுவது யாருக்கும் இனிய அனுபவமாக இராது.

இங்கே ஒரு குழப்பத்தையும் விலக்க வேண்டும். ‘பச்சை அட்டை’ இருந்தால் போதும் என்று நம்புவோர் பலர். 1949இல் ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் பரிந்துரையில் கருக்கொண்ட அந்த ஏற்பாடு, ஒரு நாட்டு வண்டி மற்றொரு நாட்டில் பிறருக்கு விளைவிக்கும் சேதத்துக்கு ஈடு கிடைக்கச் செய்வது. அதன் அக்கறை பாதிக்கப்பட்டவர் மீது. சொந்த வண்டி எஞ்சின் புகைந்து நிற்கும்போது அந்த அட்டையால் ஒரு போல்ட்டைக்கூட முறுக்க முடியாது. பிறருக்கு இழைக்கும் தீங்குக்கு நாடுகள் ஒப்பந்தம் செய்துகொண்டன. வழியில் தவித்து நிற்பவருக்கு உதவ வேண்டும் என்று அப்படிப்பட்ட பொது ஏற்பாடு எதுவும் உருவாகவில்லை. அந்த இடம் சந்தைக்கு விடப்பட்டது.

முழுவதும் விடப்படவில்லை என்பதற்குப் பிரான்சு ஒரு சான்று. அங்கே கட்டண நெடுஞ்சாலையில் வண்டி நின்றால், எவ்வளவு உயர்ந்த ஒப்பந்தம் வைத்திருந்தாலும் அந்த நிறுவனம் தன் மீட்பு வண்டியை நேரே அனுப்ப இயலாது. சாலையோர ஆரஞ்சு நிறத் தொலைபேசியிலோ 112 எண்ணிலோ அழைக்க வேண்டும். அந்தப் பகுதிக்கு உரிமம் பெற்ற மீட்பாளர் மட்டுமே வருவார். 3.5 டன் வரையிலான வண்டிகளுக்கு அவர் வாங்கும் கட்டணத்தை அரசு நிர்ணயிக்கிறது. இரவிலும் வார இறுதியிலும் அது கூடும். ரசீதை வைத்துப் பின்னர் ஒப்பந்த நிறுவனத்திடம் பணத்தைத் திரும்பப் பெறலாம். பிரிட்டானியப் பயணிகள் பலர் இதைத் தொல்லை என்கின்றனர். உண்மையில் மொத்தப் பயணத்திலும் ஏமாற்றப்படும் வாய்ப்பு மிகக் குறைந்த இடம் இதுவே. நள்ளிரவில் பேரம் பேசும் வலிமையற்றவரிடம் விலை கூறும் உரிமையை அரசு மீட்பாளரின் கையிலிருந்து எடுத்துக்கொண்டுள்ளது. வரம்புக்கு மேற்பட்ட எடை கொண்ட வண்டிக்கு இந்தக் கவசம் இல்லை என்பதால், பெரிய மோட்டார்ஹோம் உரிமையாளருக்கு ஒப்பந்தத்தின் தேவை இன்னும் கூடுகிறது.

ஆனால் சாலையோரத்திலிருந்து பணிமனை வரை கொண்டுசேர்ப்பது எளிய பகுதி. சிக்கல் அதற்குப் பிறகே தொடங்குகிறது. பன்னிரண்டு ஆண்டுப் பழைய வண்டியில் செல்லும் ஓய்வுபெற்ற தம்பதியர் ஆகஸ்ட் 13 அன்று லியோன் நகருக்கு அருகில் நின்றுவிட்டதாக வைத்துக்கொள்வோம். ஆகஸ்ட் 15 பிரான்சிலும் இத்தாலியிலும் பொதுவிடுமுறை. அந்த மாதத்தில் பணிமனைகளும் உதிரிபாகக் கிடங்குகளும் வாரக்கணக்கில் மூடிக் கிடப்பது அங்கே இயல்பு. கியர்பெட்டி வந்துசேர மூன்று வாரம் ஆகும் என்று பணிமனை சொல்கிறது. இப்போது வண்டியை அங்கேயே பழுதுபார்ப்பதா, பிரிட்டனுக்குத் திருப்பி அனுப்புவதா என்பதை முடிவு செய்பவர் யார்? ஏறக்குறைய எல்லா ஒப்பந்தங்களிலும் அந்த அதிகாரம் நிறுவனத்திடமே இருக்கிறது. திருப்பி அனுப்பும் செலவு வண்டியின் சந்தை மதிப்பைத் தாண்டினால் அனுப்ப மாட்டோம் என்ற வாசகமும் பரவலாக உண்டு. 7.5 மீட்டர் வண்டியைச் சுமந்து செல்லும் செலவு சிறிதன்று. பழைய வண்டியின் மதிப்போ ஆண்டுதோறும் குறைகிறது. இரண்டு கோடுகளும் ஒருநாள் ஒன்றையொன்று வெட்டும். வெட்டிய பின், ஆண்டுதோறும் கட்டணம் கட்டிவந்த மனிதரின் கையில் இருப்பது தொலைபேசி எண் மட்டுமே. சந்தை மதிப்பை யார், எந்தப் பட்டியலைக் கொண்டு கணக்கிடுவார் என்பதையும், வண்டி கைவிடப்பட்டால் சுங்க நடைமுறைகள் யார் பொறுப்பு என்பதையும் வாங்கும்போதே கேட்டாக வேண்டும். பத்துப் பவுண்டு மிச்சப்படுத்துவதைவிட இந்த இரண்டு கேள்விகளும் முதன்மையானவை.

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதால் இதில் காலமும் ஒரு பகையாகச் சேர்ந்துள்ளது. பிரிட்டானியக் குடிமக்கள் ஷெங்கன் பகுதியில் எந்த 180 நாள்களிலும் 90 நாள்கள் மட்டுமே தங்கலாம். எண்பதாவது நாளில் வண்டி பணிமனைக்குள் போனால், மனிதர்கள் வெளியேற வேண்டிய நாளும் வண்டி வெளிவரும் நாளும் பொருந்தாமல் போகலாம். சில ஒப்பந்தங்கள் ஒரு பயணத்துக்கு 31 நாள் என்ற வரம்பையும் வைத்துள்ளன. குளிர்காலம் முழுவதையும் ஸ்பெயினில் கழிப்பவர் முதல் மாதத்துக்குப் பிறகு காப்பற்றவராகத் திரிந்துகொண்டிருப்பார். அது அவருக்கே தெரிந்திராது.

எது ‘பழுது’ என்பதும் ஒரு வரையறைப் போர்தான். ஐரோப்பிய மோட்டார்ஹோம்களில் பெரும்பகுதி ஃபியட் டுகாட்டோ அடித்தளத்தில் கட்டப்படுபவை. எஞ்சின் ஒரு நிறுவனத்தின் ஆக்கம், மேலே உள்ள வீடு மற்றொன்றின் ஆக்கம். எஞ்சினுக்கான பாகம் ஏதாவதொரு நகரத்தில் கிடைத்துவிடும். முகப்பு முழுவதையும் மூடிய பெரிய கண்ணாடி உடைந்தால், அது வீட்டைக் கட்டிய நிறுவனத்திடமிருந்து வர வேண்டும், வாரங்கள் ஆகும். தண்ணீர் பம்பு, வெப்பமூட்டி, குளிர்பெட்டி ஆகியவை நின்றால் வண்டி ஓடும் நிலையில் இருப்பதால் அது ‘பழுது’ என்ற வரையறைக்குள்ளேயே வராது. பனிமலையில் வெப்பமூட்டி நின்ற வீடு, ஒப்பந்தத்தின் கண்ணுக்கு நலமான வண்டி.

டயர் வெடித்தால் என்ன ஆகும் என்பது இன்னும் வியப்பானது. எடையைக் குறைப்பதற்காக இன்றைய மோட்டார்ஹோம்கள் பல ஸ்டெப்னி இல்லாமலே விற்கப்படுகின்றன. ஓட்டையை அடைக்கும் பசைக் குப்பி ஒன்று கொடுக்கப்படுகிறது. தமிழகத்தின் எந்தப் பஞ்சர் கடையிலும் புழங்கும் ‘ஸ்டெப்னி’ என்ற சொல், வேல்சின் லனெத்லி ஊரிலுள்ள ஸ்டெப்னி தெருவில் டேவிஸ் சகோதரர்கள் 1904இல் உருவாக்கிய மாற்றுச் சக்கரத்தின் பெயரால் வந்தது. பிரிட்டனில் அந்தச் சொல் ஏறக்குறைய வழக்கொழிந்தது. இப்போது பொருளும் வண்டியிலிருந்து இறங்கிவிட்டது. அதற்கும் மிக முந்திய சான்று புறநானூற்றின் 102ஆம் பாடலில் உள்ளது. பாரம் ஏற்றிய வண்டியோடு மேடும் பள்ளமும் கடக்கும் உமணர், வண்டியின் அடியில் கட்டிவைத்த சேம அச்சுக்கு அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஒளவையார் ஒப்பிடுகிறார். ஓர் அரசிளங்குமரனைப் புகழ உதிரிபாகத்தை உவமையாக்கிய பாட்டு அது. உமணர் தம் சேமத்தை வண்டியிலேயே சுமந்தனர். இன்றைய பயணி அதை இறக்கி வைத்துவிட்டு, பதிலாக ஒரு வாக்குறுதியைச் சுமக்கிறார். எனவே ஒப்பந்தத்தில் டயர் சேர்ந்துள்ளதா, ‘ஸ்டெப்னி வைத்திருந்தால் மட்டும்’ என்ற நிபந்தனை உள்ளதா என்று பார்க்காமல் கையெழுத்திடுவது இரட்டை இழப்பு.

யாரிடம் வாங்குவது என்ற கேள்விக்கு வரலாறு ஓரளவு விடை தருகிறது. பிரிட்டனின் ஏஏ 1905இல் காவல்துறையின் வேகப் பொறிகளிலிருந்து ஓட்டுநர்களைக் காக்கத் தோன்றிய சங்கம். 1999இல் அது ஒரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது; உறுப்பினர் வாடிக்கையாளராக மாறினார். ஜெர்மனியின் ஏடிஏசி 1903இல் ஸ்டுட்கார்ட்டில் மோட்டார்சைக்கிள் ஓட்டிகளின் சங்கமாகத் தொடங்கி, இன்று 2 கோடிக்கும் மேற்பட்டோரைக் கொண்ட சங்கமாகவே நீடிக்கிறது. சங்கம் என்பதால் தூய்மையானது என்று பொருளில்லை; 2014இல் அதன் கார் விருதுக்கான வாக்கு எண்ணிக்கை திரிக்கப்பட்டது வெளியாகிப் பெரும் அவமானத்தைச் சந்தித்தது. ஆயினும் மோட்டார்ஹோம் வைத்திருப்போரின் சங்கங்கள் வழியாகப் பேசி உருவாக்கப்படும் ஒப்பந்தங்களில் நீளமும் எடையும் அந்த வண்டிகளை அறிந்தோரால் தீர்மானிக்கப்படுகின்றன. விலை சற்றுக் கூடினாலும் அவற்றையே முதலில் பார்ப்பது தகும். ஜெர்மன் மொழியில் இத்தகைய ஒப்பந்தத்துக்கு ‘ஷுட்ஸ்பிரீஃப்’, அதாவது காப்போலை, என்று பெயர். மன்னர்கள் பணம் பெற்றுக்கொண்டு யூதர்களுக்கும் வணிகர்களுக்கும் வழங்கிய பாதுகாப்பு ஆவணத்தின் பெயரும் அதுவே. அந்த ஓலைக்கும் எல்லைகள் இருந்தன.

இத்தனை கவலை தேவையில்லை, வங்கிக் கணக்கோடு இலவசமாக வரும் காப்பே போதும் என்போர் உண்டு. புதிய வண்டி, 3.5 டன்னுக்குள், உற்பத்தியாளரின் உத்தரவாதம் நடப்பில், இரண்டு வாரப் பயணம், அவசரத்துக்குக் கையில் பணம் என்ற நிலையில் அவர்கள் கூற்று சரியே. இந்த ஐந்தில் ஒன்று குறைந்தாலும் அந்த இலவசத்தின் பக்கங்களைப் புரட்டியாக வேண்டும். பழைய பெரிய வண்டியில் நீண்டநாள் செல்லும் முதியவருக்கே காப்பு மிகத் தேவை. வண்டியின் வயது வரம்பு, எடை வரம்பு, நாள் வரம்பு ஆகிய மூன்றும் முதலில் வெளியே தள்ளுவதும் அவரையே. இதைத் தற்செயல் என்று கொள்வதற்கில்லை.

ஜெர்மனியில் படிக்கும் இந்திய மாணவர்கள் நால்வர் சேர்ந்து கோடை விடுமுறையில் வண்டியை வாடகைக்கு எடுத்தால், ஒப்பந்தம் வாடகை நிறுவனத்தின் பெயரில் இருக்கும். பழுதுபார்க்கும் முன் அந்த நிறுவனத்தின் ஒப்புதல் எழுத்தில் வேண்டும்; இல்லையேல் செலவு மாணவர் கணக்கில் சேரும். எந்தெந்த நாடுகளுக்கு வண்டியை ஓட்டிச் செல்ல அனுமதி உண்டு என்பதும் அந்தத் தாளிலேதான் இருக்கும். அல்ஹெசிராசில் கப்பலேறி மொராக்கோ செல்ல எண்ணுவோர் ‘ஐரோப்பா’ என்ற சொல்லுக்கு ஒப்பந்தம் தரும் நாட்டுப் பட்டியலைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பச்சை அட்டை அமைப்பில் மொராக்கோ இருக்கிறது. உதவி ஒப்பந்தங்கள் பலவற்றில் அது இல்லை, அல்லது கூடுதல் கட்டணத்தோடு மட்டுமே இருக்கிறது.