மிக்ஸியும் வெண்ணெய்ப் பழமும்

பச்சைமலை அடிவாரத்தில், துறையூருக்குப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் போடவில்லை. விஷயம் இதுதான்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன் லீவில் வந்திருக்கிறான். "அங்கே நான் அடிக்கடி சாப்பிடுவது குவாக்கமோலேதான், அம்மா! உன் கையால் ஒரு நாள் செய்து கொடேன்" என்று கேட்டிருக்கிறான். செய்யும் விதத்தையும் அவனே சொல்லியிருக்கிறான். திருச்சிக்குப் போயிருந்த வீட்டுக்காரர், வெண்ணெய்ப் பழம் நாலு வாங்கி வந்தார். அம்மாள் பழத்தையும் வெங்காயத்தையும் மிளகாயையும் கொத்தமல்லியையும் மிக்ஸியில் போட்டு, எலுமிச்சம்பழத்தையும் பிழிந்துவிட்டு, ஒரு நிமிஷம் ஓடவிட்டார். வந்தது துவையல் அல்ல, பசை! வாயில் வைத்தால் லேசான கசப்பு வேறு. சாயங்காலத்துக்குள் மேலெல்லாம் பழுப்பாகிவிட்டது.

"அம்மியில் அரைத்திருந்தால் இப்படி ஆகுமா? இந்தக் காலத்தில் மெஷின் இல்லாமல் யாருக்குக் கை ஓடுகிறது?" என்று மாமியார் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். மகனோ ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தானாம். சகோதரிக்கு மாமியார் சொன்னதைவிட, மகன் சொல்லாமல் எழுந்ததுதான் அதிக வருத்தம். அவருக்கு வலது மணிக்கட்டில் இரண்டு வருஷமாக வலி. அம்மியில் அரைக்க முடியாது. அடுத்த மாதம் மகன் புறப்படுகிறான். "அதற்குள் ஒரு தடவையாவது சரியாகச் செய்து போட வேண்டும். நான் மெஷினைக் குறை சொல்வதா, என் கையைக் குறை சொல்வதா?" என்று கேட்கிறார்.

இரண்டையும் குறை சொல்ல வேண்டாம், சகோதரி. மெஷினுக்கு ஓடத்தான் தெரியும். எங்கே நிற்பது என்று அதற்குத் தெரியாது. அதை நாம்தான் சொல்ல வேண்டும். அது மட்டும் பிடிபட்டுவிட்டால் பாக்கியெல்லாம் சுலபம்.

முதலில் இந்தப் பட்சணம் என்ன என்று பார்ப்போம். பெயர்தான் வாயில் நுழையாத பெயரே தவிர, பொருள் நமக்குப் புதிதல்ல. மெக்ஸிகோ தேசத்தில் ஆஸ்டெக் மக்கள் பேசிய நாவாட்ல் மொழியில், வெண்ணெய்ப் பழத்துக்கு ஆவாகாட்ல் என்று பெயர். மோல்லி என்றால் அரைத்துச் செய்யும் தொடுகறி. இரண்டும் சேர்ந்ததுதான் குவாக்கமோலே. தமிழில் சொன்னால் வெண்ணெய்ப் பழத் துவையல், அவ்வளவுதான்!

அதை அவர்கள் எதில் அரைத்தார்கள் தெரியுமா? எரிமலைக் கல்லில் குடைந்த, மூன்று கால் உள்ள கல்வத்தில். மக்காச்சோளம் அரைக்க வேறொரு கல் உண்டு. சாய்வான பலகைக் கல், அதன்மேல் உருட்டி இழுக்க ஒரு குழவிக் கல். சாட்சாத் நம் அம்மியேதான்! அந்தத் தேசத்துப் பெண்களும் விடிவதற்கு முன் எழுந்து, மண்டி போட்டு உட்கார்ந்து, இடுப்பு ஒடிய அரைத்தவர்கள்தான். கல்லில் அரைத்த ருசியைப் பற்றிப் பேசும்போது, அரைத்த கையின் வலியையும் நினைத்துக்கொள்வது நியாயம்.

அந்த வலியைக் குறைக்க வந்தவைதான் நம் வீட்டு மெஷின்கள். கோயம்புத்தூரில் 1955-ல் பி. சபாபதி என்பவர் மாவு அரைக்கும் கிரைண்டரை உருவாக்கினார். 1963-ல் சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற எஞ்சினீயர் பம்பாயில் கம்பெனி தொடங்கி, 'சுமீத்' மிக்ஸியைக் கொண்டு வந்தார். அவர் மனைவியின் வெளிநாட்டு மிக்ஸி நம் சமையலுக்கு ஈடுகொடுக்காமல் பழுதாகிவிட்டதுதான் அதற்குக் காரணம் என்று சொல்வார்கள். 2011 செப்டம்பர் 15-ல் தமிழ்நாடு அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. அதன் பிறகு அம்மியை மட்டுமே நம்பியிருந்த எத்தனையோ வீடுகளுக்கு மிக்ஸி போய்ச் சேர்ந்தது. எனவே மிக்ஸியில் அரைப்பதற்காக யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

ஆனால் அதன் வேகத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். சாதாரண மிக்ஸியின் மோட்டார், பாரம் இல்லாதபோது நிமிஷத்துக்கு 18,000 சுற்று அளவுக்குச் சுற்றும். அதாவது ஒரு விநாடிக்கு 300 சுற்று! நாம் 'ஒன்று' என்று எண்ணி முடிப்பதற்குள் பிளேடு முந்நூறு தடவை போய் வந்துவிடுகிறது. உளுந்துக்கும் தேங்காய்க்கும் அந்த வேகம் வேண்டும். வெண்ணெய் போல் குழைந்த பழத்துக்கு எதற்கு?

சகோதரியின் துவையலுக்கு நேர்ந்த மூன்று சங்கடங்களுக்கும் இந்த வேகம்தான் மூலம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பசையானது ஏன்? நல்ல குவாக்கமோலேயில் பழம் கொஞ்சம் மசிந்தும் கொஞ்சம் துண்டாகவும் இருக்க வேண்டும். பருப்புத் துவையலில் பருப்பு நாக்கில் நெருடுவது போல. ஒரு நிமிஷம் ஓடினால் துண்டு ஏது? நம் பக்கத்துப் பழத்தில் நீர்ச் சத்தும் அதிகம்; அதனால் இன்னும் சீக்கிரம் கூழாகிவிடும்.

கசந்தது ஏன்? எலுமிச்சம்பழத்தை வடிகட்டாமல் பிழிந்திருந்தால், விதை பிளேடில் அரைபட்டுக் கசக்கும். வெங்காயத்தை மிக்ஸியில் மைய அரைத்தாலும் காரநெடி ஏறிக் கசப்புத் தட்டும். வெங்காயச் சட்னிக்கு வதக்கி அரைக்கிறோம், சரியாகப் போகிறது. இங்கே பச்சையாக அல்லவா சேர்க்கிறோம்?

பழுத்தது ஏன்? நறுக்கிய வாழைக்காயும் கத்தரிக்காயும் கறுப்பதில்லையா? அதே சமாசாரம்தான். காயில் உள்ள ஒருவகை என்ஸைம் காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து நிறத்தை மாற்றுகிறது. மிக்ஸி வேகமாகச் சுற்றும்போது காற்றையும் உள்ளே அடித்துக் கலக்கிவிடுகிறது. வாழைக்காயை மோர்த் தண்ணீரில் போடும் அதே காரணத்துக்காகத்தான் இதில் எலுமிச்சம்பழம் பிழிகிறோம். புளிப்பு அந்த என்ஸைமை அடக்கி வைக்கும். கொட்டையை நடுவில் வைத்தால் நிறம் மாறாது என்று சிலர் சொல்கிறார்கள். கொட்டை மூடிக்கொண்டிருக்கும் இடம் மட்டும்தான் மாறாமல் இருக்கும்!

இனி, செய்யும் விதம். நாலைந்து பேருக்கு அளவு சொல்கிறேன்.

தேவையான சாமான்கள்: பழுத்த வெண்ணெய்ப் பழம் 2; சின்ன வெங்காயம் 6; பச்சை மிளகாய் 2; கொத்தமல்லி ஒரு கைப்பிடி; எலுமிச்சம்பழம் 1; கெட்டியான தக்காளி 1; உப்பு முக்கால் டீஸ்பூன்.

பழம் வாங்கும்போதே பாதிக் காரியம் முடிந்துவிடுகிறது. இந்தப் பழம் மரத்தில் இருக்கும்போது பழுப்பதில்லை. பறித்த பிறகுதான் பழுக்கும். கல் மாதிரி இருந்தால், ஒரு வாழைப்பழத்தோடு காகிதப் பையில் சுற்றி அரிசி டிரம்மில் வைத்துவிடுங்கள். சில நாளில் பழுத்துவிடும். பழுக்காததை ஃபிரிஜ்ஜில் வைக்க வேண்டாம். காம்புக்குப் பக்கத்தில் மெதுவாக அழுத்தினால் லேசாக அமுங்க வேண்டும், அதுவே பதம். விலை சற்று அதிகமான பழம் என்பதால், முதல் தடவை ஒரே பழத்தில் பாதி அளவு செய்து பாருங்கள். கை பழகிவிடும்.

எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து வடிகட்டிக்கொள்ளுங்கள். வெங்காயத்தையும், விதை எடுத்த தக்காளியையும் கத்தியால் பொடியாக நறுக்கித் தனியே வையுங்கள். இவை இரண்டும் மிக்ஸிக்குள் போகவே கூடாது.

சின்னச் சட்னி ஜாரில் மிளகாய், கொத்தமல்லி, உப்பு மூன்றையும் போடுங்கள். பெரும்பாலான மிக்ஸிகளில் குமிழை இடது பக்கம் திருப்பினால் ஓடும், விட்டால் நின்றுவிடும். 'பல்ஸ்' என்றோ 'விப்' என்றோ அதன் பக்கத்தில் எழுதியிருக்கும். அப்படி நாலைந்து தடவை விட்டு விட்டுத் திருப்புங்கள். கொரகொரப்பாக இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள்.

இப்போது பழத்தை இரண்டாகப் பிளந்து, கொட்டையை எடுத்து, சதையைக் கரண்டியால் வழித்து ஜாரில் போடுங்கள். பாதி எலுமிச்சம்பழச் சாற்றை விடுங்கள். குமிழை ஒரு விநாடி திருப்பி விட்டுவிடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகு, ஓரத்தில் ஒட்டியிருப்பதைக் கரண்டியால் வழித்துவிடுங்கள். மறுபடியும் ஒரு விநாடி. தேவைப்பட்டால் இன்னும் ஒன்று. மொத்தம் மூன்று விநாடிதான். நாலாவது விநாடி ஆபத்து! பாதி மசிந்து பாதி துண்டாக இருப்பதைப் பார்த்து, 'இன்னும் கொஞ்சம் ஓட்டினால் நன்றாக இருக்குமே' என்று தோன்றும். அங்கேதான் கையை எடுத்துவிட வேண்டும்.

கிண்ணத்தில் கொட்டி, வெங்காயத்தையும் தக்காளியையும் கரண்டியால் கலந்து, மீதிச் சாற்றை ருசி பார்த்துச் சேருங்கள். உப்பும் பதமும் சரியா என்று பார்க்க மாமியாரையே கூப்பிடுங்கள். அம்மிக் குழவியை எந்த இழுப்போடு நிறுத்த வேண்டும் என்று தெரிந்துவைத்திருப்பவர் அவர். அந்தக் கணக்கு அவரிடம் இருக்கிறது. மெஷின் உங்களிடம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் பையனுக்கு லாபம்!

ஸ்ரீரங்கம் பக்கத்தில் வெங்காயம் சேர்க்காத வீடுகள் உண்டு. அவர்கள் வெங்காயத்துக்குப் பதில் துளி இஞ்சியும், பொடியாக நறுக்கிய வெள்ளரிக்காயும் சேர்க்கலாம்; நன்றாகவே இருக்கும். மிக்ஸியே வேண்டாம் என்பவர்கள் கீரை மத்தால் நாலு தடவை மசித்தால் போதும். மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கும் இது பெரிய சிரமம் அல்ல.

சாப்பிடும் நேரத்துக்குக் கால் மணி முன்னால் செய்வதே உத்தமம். வைத்திருந்துதான் ஆக வேண்டும் என்றால், கிண்ணத்தில் அழுத்தி மட்டமாக்கி, மேலே வாழையிலைத் துண்டை ஒட்டினாற்போல் பதித்து, மூடி போட்டு ஃபிரிஜ்ஜில் வையுங்கள். இடையில் காற்று நிற்கக் கூடாது, அதுதான் விஷயம்.

மெக்ஸிகோவில் இதற்குச் சோளச் சில்லு. நமக்குத் தோசை, சப்பாத்தி எல்லாவற்றுக்கும் சரிப்படும். ஆனால் துறையூர்ப் பக்கத்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்று இருக்கிறது. பச்சைமலையில் விளையும் மரவள்ளிக் கிழங்கில் செய்த சிப்ஸ். ஏன் பொருத்தம் என்கிறேன் தெரியுமா? மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான்! பச்சைமலை முந்திரிக்கும் பூர்வீகம் பிரேஸில். நம் பச்சை மிளகாயே போர்ச்சுக்கீசியர் வந்த பிறகு வந்து சேர்ந்தது. சிராத்தச் சமையலில் மிளகாய்க்கு இடமில்லாமல் மிளகு மட்டும் இருப்பதைப் பார்த்தாலே தெரியவில்லையா? அதற்குப் பதிலாக எலுமிச்சையும் கொத்தமல்லியும் வெங்காயமும் இந்தப் பக்கத்திலிருந்து அங்கே போயின. ஆகவே, 'இதென்ன அந்நிய நாட்டுப் பண்டம்?' என்று யாரும் முகத்தைச் சுளிக்க வேண்டாம். கொடுக்கல் வாங்கல் என்றைக்கோ நடந்து முடிந்துவிட்டது.

பழமும் நமக்குத் தூரத்து உறவல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கை வழியாக இங்கே வந்தது. அங்கே தமிழர்கள் அதை ஆனைக்கொய்யா என்கிறார்கள். தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற கொடைக்கானல் கீழ்மலை ஊர்களில் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இந்த மரம் நிற்கிறது. தடியன்குடிசையில் உள்ள ஆராய்ச்சி நிலையம் 'டி.கே.டி. 1' என்று தனி ரகமே கொடுத்திருக்கிறது.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. நூறு கிராம் பழத்தில் சுமார் 15 கிராம் கொழுப்பும் 160 கலோரியும் உண்டு. பெரும்பகுதி நல்ல வகைக் கொழுப்புத்தான். என்றாலும் தொட்டுக்கொள்ளும் பண்டத்தைத் தொட்டுக்கொள்ளும் அளவிலேயே சாப்பிடுவது நல்லது. சிறுநீரகக் கோளாறுக்காகப் பொட்டாசியம் குறைக்கச் சொல்லியிருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு சாப்பிடவும்.

உங்கள் வீட்டிலும் மிக்ஸிக்கு வந்த பிறகு ருசி மாறிவிட்ட துவையல் ஏதாவது இருக்கும். கொள்ளுத் துவையலோ பிரண்டைத் துவையலோ, எதுவானாலும் சரி. எத்தனை விநாடியில் நிறுத்தினால் பழைய பதம் வருகிறது என்று கண்டுபிடித்து எழுதுங்கள். கடிதங்களில் நல்லவற்றைத் தேர்ந்தெடுத்து இந்தப் பக்கத்திலேயே போடுவோம்.