இரண்டு கணக்குப் புத்தகம்

ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் 'மணமகன் தேவை' பக்கத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்து விளம்பரங்களை விடுங்கள். அவற்றில் சாதி இருப்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஓரமாக 'கிறிஸ்தவர்' என்று ஒரு பகுதி இருக்கும், அதைப் படியுங்கள். ஆர்.சி. நாடார், 26, பி.இ., சிவந்த நிறம். ஆர்.சி. வன்னியர், 28, அரசுப் பணி. சி.எஸ்.ஐ. வேளாளர், எம்.எஸ்சி., பி.எட்., குடும்பப் பாங்கானவர். இதில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு ரகம் உண்டு. 'இரட்சிக்கப்பட்ட, ஜெபிக்கிற, மறுபடியும் பிறந்த மணமகன் தேவை' என்று ஆரம்பிக்கும். கடைசி வரியில் 'அதே பிரிவு மட்டும்' என்று முடியும். மறுபடியும் பிறக்கலாம் சார், ஆனால் பழைய தெருவிலேயே பிறக்கணும்!

நான் கத்தோலிக்கன். மந்தைவெளிவாசி. சாந்தோம் பேராலயம், லஸ்ஸில் காட்டுக்கோயில், லாசரஸ் கோயில் என்று கூப்பிடு தூரத்தில் எத்தனையோ கோயில்கள். எங்கள் ஃப்ளாட்டில் கிறிஸ்துமஸ் கேக் எல்லா வீட்டுக்கும் போகும், நவராத்திரிச் சுண்டல் எங்களுக்கும் வரும். அதில் எந்தக் குறையும் இல்லை. ஒருநாள் மாடி வீட்டு மாமி என் மனைவியிடம் மிகவும் வெள்ளந்தியாகக் கேட்டார்: "உங்கள்லதான் அதெல்லாம் கிடையாதேம்மா... அப்புறம் ஏன் உங்க சொந்தக்காரப் பொண்ணுக்கு இன்னும் வரன் அமையலை?"

அந்தப் பெண்ணுக்கு வரன் அமையாத காரணம், மாமி 'கிடையாது' என்று நினைத்த அதேதான். பையன் ரெடி. பெண் ரெடி. இரண்டு பேரும் ஒரே பங்கு, ஒரே பாடகர் குழு. பையன் வீட்டுச் சாதி மட்டும் இடித்தது. பெண்ணின் பெரியப்பா, தவக்காலத்தில் நாற்பது நாளும் கவிச்சி தொடாத மனிதர், சொன்ன காரணம் இது: "கோயில்ல பக்கத்துல உக்காரலாம்ப்பா. சம்பந்தம் வேற."

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த என் பெண், ப்ளஸ் டூ படிக்கிறாள், என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "மறைக்கல்வியில எல்லாரும் கடவுளோட பிள்ளைங்கன்னு சொல்லித் தர்றாங்களே, அது பரீட்சைக்கு மட்டுமாப்பா?"

இந்த மாதிரி கேள்வி வரும்போது பெற்றோர்கள் செய்கிற வழக்கமான வேலை, 'உனக்கு இப்ப அது புரியாது, போய்ப் படி' என்று அனுப்பிவிடுவது. அவளுக்கு நன்றாகவே புரிகிறது. அதனால் அவளிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

நான் பி.காம். படித்தவன். சில கடைகளில் இரண்டு கணக்குப் புத்தகம் இருக்கும் என்பதைக் காலேஜில் யாரும் சொல்லித் தரவில்லை, வெளியே வந்துதான் தெரிந்தது. ஒன்று வரி வாங்க வருகிறவருக்கு. இன்னொன்று முதலாளியின் மேஜை டிராயருக்குள். தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்கள் சாதி விஷயத்தில் இப்படித்தான் இரண்டு புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறோம். பிரசங்க மேடைப் புத்தகத்தில் சாதிக்கு நேராக பூஜ்யம். கல்யாணப் புத்தகத்தில் பக்கம் பக்கமாக வரவு. மாட்டிக்கொள்ளும்போது முதலாளி மாட்டுவதில்லை, கணக்கப்பிள்ளைதான் மாட்டுவார். அப்படி மாட்டியவர் ஒருவரின் கதையைக் கேளுங்கள்.

எழும்பூரில் காந்தி இர்வின் பாலச் சாலை தெரியுமா? அங்கே பிளாட்பாரத்தில் உட்கார்ந்து செருப்புத் தைத்துக்கொண்டிருந்தவர் சூசை. ஆதிதிராவிடர், கிறிஸ்தவர். எண்பதுகளின் ஆரம்பத்தில் ரோட்டோரம் செருப்புத் தைக்கிற தொழிலாளர்களுக்கு அரசாங்கம் இலவசமாக பங்க் கடை கொடுத்தது. பக்கத்தில் அதே வேலை செய்தவர்களுக்குக் கிடைத்தது, சூசைக்கு இல்லை. ஏனென்றால் திட்டம் தாழ்த்தப்பட்டோருக்கானது, அவர் கிறிஸ்தவர். அதே வெயில், அதே ஊசி, அதே செருப்பு. மதம் மட்டும் வேறு.

சூசை உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. தோற்றுப்போனார். நீதிமன்றம் சொன்னதன் சாரம் இதுதான்: மதம் மாறிய பிறகும் சாதி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று சொன்னால் மட்டும் போதாது. புதிய மதத்திலும் அந்தச் சாதியால் அதே கொடுமை, அதே தீவிரத்தோடு தொடர்கிறது என்று காட்ட வேண்டும். அதற்குப் போதுமான ஆதாரம் எங்கள் முன் வைக்கப்படவில்லை.

ஆதாரம் இல்லையாம்! ஞாயிற்றுக்கிழமைதோறும் நாமே காசு கொடுத்து அச்சடித்துக்கொண்டிருந்தோமே, அது என்ன?

கல்யாண விளம்பரம் கொடுமைக்கு ஆதாரமாகாது என்று வக்கீல் சொல்லலாம். சரி, வேறு இடம் பார்ப்போம். திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே ஒரு மதில். ஒரு பக்கம் தலித் கிறிஸ்தவர்கள், மறுபக்கம் மற்றவர்கள். செத்தவர்களுக்குள் யார் யாரோடு பேசிவிடுவார்கள் என்று பயந்து கட்டினார்களோ! பழைய விழுப்புரம் மாவட்டத்தின் எறையூர், இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டம். அங்கே கோயிலில் சமமாக நடத்தப்படவில்லை, சவ ஊர்வலத்துக்குக்கூடத் தனி வழி என்று தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டுப் போராடினார்கள். 2008 மார்ச்சில் அது வன்முறையாக வெடித்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். செத்தவர்கள் வன்னியக் கிறிஸ்தவர்கள். அடித்த பக்கமும் அடிபட்ட பக்கமும் ஜெபமாலை வைத்திருந்த ஊர் அது. பழைய கதை என்று தள்ளிவிட வேண்டாம். கும்பகோணம் மறைமாவட்டத்தின் கோட்டப்பாளையம் பங்கில் பாகுபாடு காட்டுகிறார்கள் என்று தலித் கிறிஸ்தவர்கள் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 2025 பிப்ரவரியில் நோட்டீஸ் அனுப்பும் வரை வந்தது.

இது நேற்று முளைத்த வியாதியும் கிடையாது. 1833ல் ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி கூடாது, உடனே விட்டுவிட வேண்டும் என்று உத்தரவு போட்டார். நம் வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் கும்பல் கும்பலாகக் கோயிலை விட்டு வெளியேறினார்கள். கிறிஸ்துவை விட மனசு வந்தாலும் வந்திருக்கும், பந்தியில் தள்ளி உட்காரும் உரிமையை விட மனசு வரவில்லை. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் பாட்டு இல்லாமல் தமிழ்ப் புராட்டஸ்டன்ட் கல்யாணம் நடக்காது. பெரிய கவிஞர், சந்தேகமே இல்லை. அவரும் அந்தத் தகராறில் சாதி வழக்கத்தை விடமாட்டோம் என்ற பக்கம் நின்று எழுதியவர்தான்.

கத்தோலிக்கர்கள் சளைத்தவர்களா? திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் கோயிலைப் பார்த்திருக்கிறீர்களா? 1872ல் கட்டியது. பீடம் ஒன்று, அதிலிருந்து இரண்டு கைகளாக விரியும் இரண்டு மண்டபங்கள். வேளாளருக்கு ஒன்று, நாடாருக்கு ஒன்று. ஒருவர் முகம் ஒருவர் பார்க்காமல் ஒரே பூசை காணலாம். கட்டடத்தின் அமைப்பைப் பார்த்து 'கால்சட்டைக் கோயில்' என்றே பெயர் வந்துவிட்டது. 1910 வாக்கில் காசனல் என்ற பாதிரியார் நடுவில் இருந்த தடுப்பை இடித்தார். உடனே கேஸ்! அது சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்து, தனி இடம் கேட்டவர்கள் தோற்றார்கள். இடித்த அந்தச் சாமியார் மேல் எனக்குப் பெரிய மரியாதை. மாநாடு போட்டுத் தீர்மானம் நிறைவேற்றிக்கொண்டிருக்காமல், இடித்தார்.

அதற்குப் பிறகு நிறையத் தீர்மானங்கள். 2003 நவம்பரில் தமிழக ஆயர்கள் ரோமுக்குப் போனபோது போப் இரண்டாம் ஜான் பால், கிறிஸ்தவர்களுக்கிடையே சாதிப் பாகுபாட்டின் சாயல்கூட இருக்கக் கூடாது என்று கண்டித்தே சொல்லி அனுப்பினார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கை என்று ஒன்றை வெளியிட்டது. நாட்டில் உள்ள சுமார் ஒரு கோடியே 90 லட்சம் கத்தோலிக்கர்களில் ஒரு கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்று அதிலேயே கணக்கு சொன்னார்கள். மூன்றில் இரண்டு பங்கு பேரை ஓரமாக உட்கார வைத்துவிட்டு 'நாம்' என்று பேசிக்கொண்டிருந்திருக்கிறோம் என்பதுதான் அந்தக் கணக்குக்கு அர்த்தம்.

இப்போது அரசாங்கத்துக்கு வருவோம். அங்கேயும் நேர்மை கிடையாது. 1950 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் ஆணை வந்தது. இந்து அல்லாதவர் பட்டியல் சாதி ஆக முடியாது என்றது அதன் மூன்றாவது பாரா. 1956ல் சீக்கியர்களுக்காகத் திருத்தினார்கள். 1990ல் பௌத்தர்களுக்காகத் திருத்தினார்கள். சீக்கிய மதத்திலும் பௌத்தத்திலும் சாதி கிடையாது என்றுதான் அவர்களும் சொல்கிறார்கள், ஆனாலும் சாதியின் அடி தொடர்கிறது என்று டெல்லிக்குப் புரிந்தது. கிறிஸ்தவரும் முஸ்லிமும் என்று வந்தால் மட்டும் புரிவதில்லை. சேர்க்கலாம் என்று 2007ல் ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் சொன்னது. அலமாரிக்குள் போனது. 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு கமிஷன். 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டு டெல்லிக்கு அனுப்பியது.

இதற்குள் நடப்பது என்ன? ஒரே தெருவில் அண்ணன் இந்து ஆதிதிராவிடர், தம்பி கிறிஸ்தவர். தமிழ்நாட்டில் அண்ணன் பிள்ளைக்கு 18 சதவிகிதப் பட்டியலில் இடம். தம்பி பிள்ளை பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில், நிலமும் கடையும் வைத்திருக்கிறவர்களின் பிள்ளைகளோடு மோத வேண்டும். தெருவில் புகுந்து அடித்தால் அண்ணனுக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் துணை. அதே கட்டையால் அடி வாங்கிய தம்பிக்கு அந்தச் சட்டம் கிடையாது. அதனால்தான் பல வீடுகளில் சர்டிபிகேட்டில் ஒரு பெயர், கோயிலில் ஒரு பெயர். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், உண்மையான நம்பிக்கையில்லாமல் சலுகைக்காக மட்டும் மதத்தைச் சொல்லிக்கொள்வது அரசியல் சட்டத்துக்குச் செய்யும் மோசடி என்று உச்ச நீதிமன்றம் கடுமையாகச் சொன்னது. சட்டப்படி அவர்கள் சொன்னது சரியாகவே இருக்கட்டும். வயிற்றுக்கும் விசுவாசத்துக்கும் நடுவே ஒன்றைத் தேர்ந்தெடு என்று ஏழையிடம் மட்டும்தானே கேட்கிறோம்? சாதியையும் விடாமல் சபையில் முன் பெஞ்சையும் விடாமல் இருக்கிற ஆர்.சி. அந்த சாதி, சி.எஸ்.ஐ. இந்த சாதிக்காரரிடம் எந்தக் கோர்ட்டாவது 'இது மோசடி' என்று சொன்னதுண்டா?

இந்த மாதிரி எழுதினால் என்ன கடிதம் வரும் என்று தெரியும். முதலாவது, 'கல்யாணம் எங்கள் சொந்த விஷயம். பழக்கவழக்கம், சாப்பாடு ஒத்துப்போக வேண்டாமா?' ஒத்துப்போகட்டும். நெல்லைக்காரர் வீட்டுப் பெண் டெல்லியில் வளர்ந்து, கலிபோர்னியா மாப்பிள்ளையைக் கட்டும்போது ஒத்துப்போகிற சாப்பாடு, அடுத்த தெரு தலித் கிறிஸ்தவப் பையன் என்றால் மட்டும் தொண்டையில் சிக்குவது எப்படி?

இரண்டாவது கடிதம் கொஞ்சம் சூடாக இருக்கும். 'நம்மை ஏற்கெனவே நாலு பேர் கல்லெறிகிறார்கள். நீங்கள் வேறு கல் எடுத்துக் கொடுக்கிறீர்களா?' பயம் நியாயமானதுதான். பாதிரியார்களை அடிப்பதும், ஜெபக்கூட்டத்துக்குள் புகுந்து ரகளை செய்வதும் நடக்கிற நாட்டில் இருக்கிறோம். ஆனால் அந்தக் கல்லை நான் கொடுக்க வேண்டியதில்லை. மேலப்புதூரில் வரிசையாக அடுக்கி, சிமென்ட் பூசி வைத்திருக்கிறோம்.

ஆயர்களுக்கு என்னைப் போன்ற ஒரு சாதாரணப் பெற்றோரிடமிருந்து மூன்றே கோரிக்கை. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கிறீர்கள், அதில் சாதி கிடையாது. திருச்சபை ஆதரவில் நடக்கும் எந்தத் திருமணத் தகவல் மையத்தின் விண்ணப்பத்திலும் அந்தக் கட்டம் இருக்கக் கூடாது. திருச்சபைப் பத்திரிகை எதுவும் சாதி போட்ட வரன் விளம்பரத்தை வாங்கக் கூடாது. விளம்பர வருமானம் போகும். நஷ்டக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம், நானே எழுதித் தருகிறேன். கடைசியாக, தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதி உரிமை கேட்டு டெல்லியில் நடக்கும் ஊர்வலங்களுக்குப் போகிறீர்கள், தாராளமாகப் போங்கள். அது நியாயமான கோரிக்கை. போவதற்கு முன் ஒருநாள் ராத்திரி எழும்பூரில் ரயில் ஏறுங்கள். ஸ்டேஷனுக்கு வெளியேதான் சூசை உட்கார்ந்து செருப்புத் தைத்த இடம். விடியும்போது திருச்சி வந்துவிடும். மேலப்புதூர் கல்லறைக்கு எந்த ஆட்டோக்காரரைக் கேட்டாலும் வழி சொல்வார். கையில் ஒரு கடப்பாரை இருந்தால் போதும்.