பழைய கோலம், புதிய உறுப்பு

வெதுருகுப்பம் வட்டாரத்தில் குடியேறி வாழும் நம்மவருள் நடுவயதில் மோட்டார் சைக்கிள் பழக விழைவோர் பலர். நாமும் முப்பத்தெட்டாம் அகவையில்தான் பழகத் தொடங்கியுள்ளோம். பலர் உள்ளமும் நாடுவது இளமையில் கண்டு வியந்த புல்லட்டின் கோலத்தையே.

1955இல் மதராஸ் மோட்டார்ஸாரும் இங்கிலாந்தின் ராயல் என்பீல்டு நிறுவனத்தாரும் கூடி என்பீல்டு இந்தியாவை நிறுவினர். திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. அக்காலத்துப் புல்லட்டில் கியர் வலக்காலுக்கும் பின்பிரேக் இடக்காலுக்கும் உரியன. இன்றைய வண்டிகளில் இவை இடம் மாறியுள்ளன. ஒன்றில் பழகியவர் மற்றொன்றை ஓட்டுங்கால், அவசரத்தில் பிரேக்கென எண்ணிக் கியரை மிதித்துவிடக் கூடும். புதிதாய்ப் பழகுவோர்க்கு இது பேராபத்து.

ஆதலின் பழைய கோலமும் புதிய உறுப்புகளும் கொண்ட வண்டியே ஏற்றது. 2021இல் புதிய எஞ்சினுடன் வந்த கிளாசிக் 350 அத்தகையது. 2018இல் மீண்டும் வெளிவந்த ஜாவாவும் அவ்வாறே. எனினும் கிளாசிக்கின் எடை 195 கிலோ என்பதை மறவற்க. கடையிலேயே வண்டிமீது அமர்ந்து, இரு பாதங்களும் தரையில் ஊன்றுகின்றனவா, பின்னோக்கித் தள்ள இயலுகின்றதா எனப் பாருங்கள். சக்கரம் இறுகி வழுக்காமல் காக்கும் ஏ.பி.எஸ். இரு சக்கரங்களுக்கும் உண்டா எனவும் கேட்டறியுங்கள்.

பழகுநர் உரிமம் பெற்று முப்பது நாள் கழிந்த பின்னரே ஓட்டுநர் தேர்வு. அந்நாட்களில் நெரிசலற்ற சாலையில் நிதானமாகப் பழகுதல் நன்று. அயலூரில் வாழும் நாம் விழுந்து படுத்தால், குடும்பத்தைத் தாங்க உற்றார் அருகில் இலர். வண்டிக்குப் பணம் ஒதுக்கும்போதே, பின்னிருக்கையில் அமரும் இல்லாளுக்கும் சேர்த்து இரண்டு தலைக்கவசங்களுக்கு ஒதுக்குங்கள்.