ஐந்தடிப் பாதையில் ஒரு வகுப்பறை



"ஒரு வீடு வரையுங்கள்" என்று மாணவர்களிடம் கூறிப் பாருங்கள். முக்கோணக் கூரையும் புகைபோக்கியும் வரைவார்கள். பின்னால் இரண்டு மலைகளும் இருக்கும். பினாங்கில் எத்தனை வீடுகளில் புகைபோக்கி உண்டு? நாள்தோறும் கடந்து செல்லும் கடைவீடுகளை நம் பிள்ளைகள் பார்ப்பதே இல்லை. பார்க்க நாம் கற்றுக்கொடுக்கவில்லை என்பதே உண்மை!

இக்குறையைக் களைய முனைந்த அமைப்பொன்று நம் ஜார்ஜ்டவுனிலேயே உண்டு. 1999-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஆர்ட்ஸ்-எட் என்னும் இலாப நோக்கமற்ற இயக்கமே அது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்த ஜேனட் பிள்ளை இதனைத் தோற்றுவித்தவர். 'அனாக்-அனாக் கோத்தா', அதாவது 'நகரத்தின் பிள்ளைகள்' என்ற திட்டத்தின்வழி இளையோர் பழைய நகரின் தெருக்களிலேயே பாடம் கற்றனர். கட்டடங்களைக் கூர்ந்து நோக்கினர், கைவினைஞரிடம் பேசினர், அறிந்தவற்றைக் கலைப்படைப்புகளாக்கினர்.

இம்முறையைப் பின்பற்றி, ஒரு சனிக்கிழமை ஐந்தாம் ஆண்டு மாணவர் சிலரை லெபோ குவீனுக்கு அழைத்துச் சென்றேன். கையில் அளவுநாடா மட்டுமே. "ஐந்தடிப் பாதை என்றீர்களே டீச்சர், இங்கே ஏழடி இருக்கிறதே!" என்றான் ஒருவன். ஐந்தடி என்பது பெயர்தான், அகலம் இடத்துக்கிடம் மாறும் என்பதை அவனே கண்டறிந்தான். வெயிலும் மழையும் படாமல் நடக்க அப்பாதை; நீண்டு ஒடுங்கிய வீட்டினுள் ஒளியும் காற்றும் புக நடுவே திறந்த முற்றம்; செங்கல்லின் ஈரம் வெளியேறச் சுண்ணாம்புப் பூச்சு. கணிதம், அறிவியல், வரலாறு மூன்றும் ஒரே சுவரில் இருந்தன.

"இவையெல்லாம் தேர்வில் வருமா?" என்று சில பெற்றோர் வினவுகின்றனர். யு.பி.எஸ்.ஆர். தேர்வே 2021-இல் அகற்றப்பட்டுவிட்டது. இன்னும் எதற்கு அச்சம்?

2000-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாடு நீங்கியபின், பழைய குடியிருப்பாளர் பலர் நகரின் நடுப்பகுதியை விட்டு வெளியேறினர். 2008-இல் யுனெஸ்கோ இந்நகரை உலகப் பாரம்பரியத் தளமாக அறிவித்தது. அறிவிப்புப் பலகை கட்டடத்தைக் காக்கலாம். அதனுள் வாழ்ந்தவர் கதையை யார் காப்பது? 1801-இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் ஆலயமும் நம் முன்னோரின் உழைப்பைச் சொல்வன. இவற்றைப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கு லிட்டில் இந்தியா தீபாவளிச் சந்தை மட்டுமே. நாளை இந்நகரின் வடிவத்தை முடிவு செய்யும் மேசையில் அவனுக்கு இடமிருக்காது.

எல்லாரும் கட்டடக்கலைஞர் ஆக வேண்டியதில்லை. ஆனால், தாம் வாழும் ஊரைக் கண்திறந்து பார்க்கும் பிள்ளைகளாக வளர வேண்டும். அடுத்த பள்ளி விடுமுறையில் பேரங்காடிக்குப் பதிலாக ஓர் ஐந்தடிப் பாதைக்கு அழைத்துச் செல்வோமா? அளவுநாடாவை மறவாதீர்கள்.

சிந்திப்போம், செயல்படுவோம்!